எண்பத்தேழில் நாற்பத்தொன்று

முப்பத்துநாலு வயதில் ஒரு பெண் நீலச் சட்டை, நீலப் பேண்ட் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸை மார்போடு அணைத்தபடி தினமும் காலை ஏழே முக்காலுக்கு ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்குக் காத்து நின்றால் மேலப்புதூர் சும்மா இருக்குமா? இருக்கவில்லை. எதிர்வீட்டு சகாயம்மாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டே, பார்வையைக் கீரையை விட்டு எடுக்காமல் கேட்பாள்.

"என்ன பெலிண்டா, ஸ்கூலுக்கா? ஹோம்வொர்க்கெல்லாம் முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்க்கா. உங்க பேரனுக்கு வேணும்னா காப்பி அடிக்கக் குடுக்கறேன்."

பெலிண்டாவுக்கு வாய் உண்டு. அது இல்லையென்றால் அந்தத் தெருவில் இரண்டு வருஷம் அந்த நீலச் சட்டையைப் போட்டிருக்க முடியாது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். புருஷன் ஆசீர் மஸ்கட்டுக்குப் போனான். முதல் வருஷம் ஞாயிறுதோறும் வீடியோ காலில் வந்தான். இரண்டாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வந்தான். மூன்றாம் வருஷம் அந்த நம்பரே உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. அந்தப் பெண் குரல் கம்பெனிக் குரல்தானா என்று தெருவில் கொஞ்ச நாள் ஆராய்ச்சி நடந்தது. பெலிண்டா சின்னக்கடை வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று நின்று கால் இரண்டும் வீங்கி, வேலையை விட்டு, திருவானைக்காவலைத் தாண்டி இருக்கும் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் மெஷினிஸ்ட் படிப்பில் சேர்ந்தாள். பெண்களுக்கு வயது வரம்பு கிடையாது என்று விண்ணப்பத்தில் போட்டிருந்ததாம். போட்டவர்கள் பெலிண்டாவை எதிர்பார்த்துப் போட்டிருக்க மாட்டார்கள். இருபது பேர் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். மற்ற எல்லோருக்கும் அவள் 'அக்கா'.

மாமியார் ரோசம்மாளுக்கு இதெல்லாம் பொறுக்கக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது, ஒரு தேதி வரைக்கும். செப்டம்பரில், மாதா பிறந்தநாள் பூசை முடிந்து வந்து, முக்காட்டை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"கிறிஸ்துமஸுக்கு எம்மக பெங்களூர்லேர்ந்து வரா. இனிமே இங்கேயே இருக்கப் போறா. ரூம் வேணும். உனக்கு அதுக்குள்ள வேலை கெடைச்சா ஹாஸ்டலோ கீஸ்டலோ பார்த்துக்க. இல்லன்னா மணப்பாறையில உங்க அண்ணன் இருக்கான்."

"அண்ணன் வீட்ல அண்ணியும் இருக்காங்க அத்தை."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? எம்மகன் இல்லாத வீட்ல நீ மட்டும் இருந்தா எனக்கென்ன நல்ல பேரா?"

மணப்பாறை அண்ணியைப் பற்றி இங்கே எழுதினால் அதற்கே தனியாக ஒரு புத்தகம் வேண்டும். பெலிண்டாவுக்கு அந்த வீட்டில் கிடைக்கப்போவது அடுப்படியும் வசவும் என்று சொன்னால் போதும். ஆக, கிறிஸ்துமஸுக்குள் வேலை. அதுவும் துவாக்குடி பக்கம் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அளவெடுக்கும் பிரிவுக்கு ஒரே ஓர் ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியதிலிருந்து, அந்த வேலை. மற்ற கம்பெனிகள் அவள் வயதைக் கேட்டதும் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டன. இந்தக் கம்பெனி வயது கேட்கவில்லை. கையும் கண்ணும் சரியாக இருக்க வேண்டும் என்று மட்டும் போட்டிருந்தது.

பெலிண்டாவின் கை சரியான கை. அதை அவளுடைய பயிற்றுநர் இளவரசன் சாரே பலமுறை சொல்லியிருக்கிறார். இளவரசன் சார் ஸ்ரீரங்கத்துக்காரர், அடையவளஞ்சான் தெரு. நெற்றியில் திருமண் இல்லாமல் மெஷினைத் தொட மாட்டார். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. தன்மேல் தப்பு வராத வரைக்கும் நல்லவர்.

அவருடைய செல்லப் பொருள் ஒன்று அந்தப் பட்டறையில் உண்டு. தேக்குப் பெட்டிக்குள் வெல்வெட்டில் அடுக்கிய எண்பத்தேழு எஃகுக் கட்டைகள். ஸ்லிப் கேஜ் என்று பெயர். பிள்ளைகள் 'கட்டை' என்பார்கள். மற்ற அளவுக் கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கே இவைதான் அளவு. முகம் பார்க்கலாம், அவ்வளவு வழவழப்பு. ஒன்றன்மேல் ஒன்றை வைத்து லேசாகத் தள்ளினால் பசை இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். விரல் ஈரம் பட்டால் துரு. அதனால் வெறுங்கையால் தொடக்கூடாது. தொட்டால் பெட்ரோலில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, வாஸ்லின் தடவித்தான் உள்ளே வைக்க வேண்டும். இதை இளவரசன் சார் இரண்டு வருஷத்தில் குறைந்தது நூறு தடவை சொல்லியிருப்பார்.

நூறு தடவை சொன்னவர்தான் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மத்தியானம் அந்தக் காரியத்தைச் செய்தார்.

பட்டறை கழுவியாகிவிட்டது. கடைசல் மெஷினுக்கு மாலை, மில்லிங் மெஷினுக்கு வாழைக்கன்று, துளைபோடும் மெஷினுக்குப் பூசணித் துண்டு. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மின்விசிறி சுவிட்சுக்கும் வைத்தார்கள். சாரின் ஸ்கூட்டருக்கு இரண்டு பக்கமும் வைத்தார்கள். சாரின் அக்கா மகன் அரவிந்தனும் அதே வகுப்புதான். அவன் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு மாமாவுக்குப் பின்னாலேயே போனான். படிப்பில் எப்படியோ, கிண்ணம் பிடிப்பதில் கெட்டிக்காரன்.

கடைசியில் சார் தேக்குப் பெட்டியைத் திறந்தார்.

"எல்லாத்துக்கும் வச்சிட்டு நம்ம ராணிக்கு வைக்காம விட்டா கோச்சுக்குவா."

"சார், துரு பிடிச்சிடும்," என்றாள் பெலிண்டா. அந்த வாரம் கருவி அறைச் சாவி அவள் முறை. பயம் அவளுக்குத்தானே வரும்.

"பெருமாள் பார்த்துப்பார்மா. ஒரு நாள்ல என்ன ஆயிடும்? உங்க சர்ச்சுல சிலுவைக்கு எண்ணெய் பூசினா கேள்வி கேப்பீங்களா?"

பத்தொன்பது பேரும் சிரித்தார்கள். பெலிண்டாவும் சிரித்து வைத்தாள். சார் ஆள்காட்டி விரலைப் பன்னீர்ச் சந்தனத்தில் முக்கி, எண்பத்தேழு கட்டைக்கும் பொட்டு வைத்தார். மேலே குங்குமம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பொரி, கடலை, சுண்டல் விநியோகம் முடிந்தது. பூஜையில் வைத்த சாமானை மறுபூஜை வரைக்கும் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு சார் கிளம்பினார். மறுபூஜை என்றைக்கு? சரஸ்வதி பூஜை, விஜயதசமி, அப்புறம் சனி, ஞாயிறு. ஒரு நாள் என்று சார் சொன்ன கணக்கு அப்படி. வெளியே ஐப்பசி மழை இப்பவோ அப்பவோ என்று நின்றது.

பெலிண்டா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறையிலேயே நின்றாள். அவளோடு கலீம் மட்டும் இருந்தான். அவன் பாலக்கரைப் பையன், ஒரே பஸ், அதனால் காத்திருந்தான்.

"அக்கா, வாங்க. மழை வந்துடும்."

"அஞ்சு நாள்டா கலீம். கட்டை செத்துடும்."

"சார் தொடக்கூடாதுன்னாரே."

"சார் இதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா தொடக்கூடாதுன்னாரு. எந்தத் தொடக்கூடாதுல நான் நிக்கறது?"

பெட்ரோல் கிண்ணம், துணி, வாஸ்லின் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு கட்டையாக எடுத்து, சந்தனத்தை வழித்து, துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மறுபடி துடைத்து, தடவி வைத்தாள். அவசரப்படத் தெரியாத கை. நாற்பத்தொன்று முடிந்தபோது காவலாளி வந்து விளக்கை அணைத்துவிட்டார். பூட்டணும், வீட்ல பூஜை, கிளம்புங்க என்றார். மிச்சம் நாற்பத்தாறும் பொட்டோடு வெல்வெட்டில் கிடந்தன. கலீம் குடை பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான்.

திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தால், நாற்பத்தொரு கட்டை முகம் காட்டியது. நாற்பத்தாறில் செம்பழுப்பு வட்டம், ஒவ்வொன்றும் ஓர் ஆள்காட்டி விரல் அகலம். விரல் யாருடையது என்று பொருத்திப் பார்க்கக்கூட அவசியமில்லை. இளவரசன் சார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். புதன்கிழமை துவாக்குடிக் கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள். அந்தப் பெட்டியே அந்தக் கம்பெனி பள்ளிக்குத் தானமாகக் கொடுத்தது.

ஒரு மனிதன் பயந்தால் எவ்வளவு வேகமாக யோசிப்பான் என்பதை அன்று பட்டறையே பார்த்தது. சார் ஒரு சுத்தமான கட்டையை எடுத்தார். துருப்பிடித்த கட்டையை எடுத்தார். இரண்டையும் பார்த்தார். பிறகு பெலிண்டாவைப் பார்த்தார்.

"இதுல சந்தனத்தை யாரு எடுத்தது?"

"நான்தான் சார். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே துடைச்சேன். துடைச்சதெல்லாம் நல்லா இருக்கு, பாருங்க. நேரம் இல்லாம விட்டதுதான்..."

"அப்ப பெட்டியைத் தொட்டது நீதான்னு ஒத்துக்கறே."

"சார், நான் தொட்டதுதான் பொழைச்சிருக்கு."

"பூஜையில வச்சதை அன்னைக்கே தொட்டிருக்கே. ஈரத் துணியைப் போட்டிருப்பே. தண்ணி கீழ் வரிசைக்கு எறங்கியிருக்கும். சாவி உங்கிட்ட. வேற யாரு வந்தா இங்க?"

அவர் 'நீங்க' என்பதை விட்டு 'நீ'க்கு இறங்கியதை எல்லோரும் கவனித்தார்கள். கவனித்து என்ன? பொட்டு வைத்தபோது சிரித்த பத்தொன்பது பேரில் ஒருத்தரும் நிமிரவில்லை. எல்லோருக்கும் திடீரென்று தங்கள் தங்கள் அரத்தில் வேலை இருந்தது. பின்வரிசையில் ஒருத்தன் மட்டும், "அவங்களுக்கு நம்ம சந்தனம் ஆகாதுல்ல," என்றான், மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும் அளவுக்கு மெதுவாக. இரண்டு மூன்று பேர் மூக்கால் சிரித்தார்கள்.

பெலிண்டா கலீமைப் பார்த்தாள். கலீம் அரத்தைத் துடைத்தான். துடைத்த அரத்தையே மறுபடி துடைத்தான்.

மத்தியானம் கை கழுவும் இடத்தில் வந்து நின்றான்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. செய்முறை மார்க் அவர் கையில இருக்கு. எங்க வாப்பா ஒரு ஆளு சம்பாத்தியம்."

"நான் ஒண்ணும் கேக்கலியேடா."

"கேட்டா என்ன சொல்றதுன்னுதான் பயமா இருக்கு."

சாயங்காலம் சார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். மறுபடி 'நீங்க' வந்திருந்தது. அது இன்னும் மோசம்.

"பாருங்கம்மா, பிரின்சிபால் எழுத்துல கேக்கறாரு. நீங்க ஒரு கடிதம் எழுதிக் குடுத்துட்டா ஃபைல்ல வச்சு முடிச்சிடுவேன். யாரும் படிக்கப் போறதில்ல. புதன்கிழமை இன்டர்வியூவுல தாராளமா உக்காருங்க. நானே உங்க பேரைச் சொல்றேன். எழுதலைன்னா விசாரணை அது இதுன்னு போகும். அடுத்த மாசம் பரீட்சை. ஹால் டிக்கெட் நிக்கும். உங்க இஷ்டம்."

இஷ்டம் என்ற சொல்லை இப்படிப்பட்ட இடங்களில்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். பெலிண்டா கணக்குப் போட்டாள். எழுதினால் இன்டர்வியூ. இன்டர்வியூ என்றால் அவள் கை பேசும். கை பேசினால் வேலை. கடிதம் ஃபைலுக்குள் கிடந்து மக்கட்டும். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். 'எனது கவனக்குறைவால் ஈரத் துணியால் துடைத்ததில் மேற்படி கருவிகள் பழுதடைந்தன' என்ற வரியில் பேனா ஒரு நிமிஷம் நின்றது. சார் மேஜை மேல் விரலால் தட்டினார், அதே ஆள்காட்டி விரல். அவள் கையெழுத்துப் போட்டாள். அழகான கையெழுத்து.

புதன்கிழமை வந்தவர் பெயர் நிஜாமுதீன். கம்பெனியின் தரப் பிரிவு மேலாளர். ஒல்லியாக, அதிகம் பேசாதவராக இருந்தார். ஒரே மாதிரித் தெரியும் பத்து உருளைகளை மேஜையில் கொட்டி, மைக்ரோமீட்டரைக் கொடுத்து, எது எவ்வளவு என்று எழுதச் சொன்னார். அரவிந்தன் மூன்று சரியாக எழுதினான். கலீம் ஆறு. பெலிண்டா ஒன்பது எழுதிவிட்டு, பத்தாவதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏன், இதை எழுதலை?"

"இது வட்டமா இல்லை சார். ஒவ்வொரு பக்கம் ஒவ்வொரு அளவு காட்டுது. எதை எழுதறது?"

நிஜாமுதீன் முதல் தடவையாகச் சிரித்தார். "அதுக்குத்தாம்மா அதை வச்சேன். கை நல்லா இருக்கு."

பெலிண்டாவுக்கு அந்த நிமிஷத்தில் துவாக்குடி ஹாஸ்டல் அறையின் ஜன்னல்கூடத் தெரிந்திருக்கும். அவ்வளவு நேரம்தான்.

அவர் தேக்குப் பெட்டியைக் கேட்டார். சார் வியர்த்துக்கொண்டே திறந்தார். நிஜாமுதீன் துருப்பிடித்ததைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"ஆயுத பூஜையா? வருஷா வருஷம் பார்க்கற வியாதி சார் இது. எங்க கம்பெனியிலயும் உண்டு." பிறகு சுத்தமான கட்டை ஒன்றைத் துணியால் எடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணுக்கு அருகில் பிடித்தார். இன்னொன்று. இன்னொன்று. "இதுலயும் சந்தனம் வச்சிருக்காங்க. நம்பர் வெட்டின பள்ளத்துல மஞ்சளா ஒட்டியிருக்கு, பாருங்க. ஆனா மூஞ்சியில ஒரு கீறல் இல்ல, ஒரு கறை இல்ல. இதைத் துடைச்சது யாரு?"

இளவரசன் சார் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டார்.

"வச்சது யாருன்னு நான் கேக்கலை. துடைச்சது யாரு? அந்தக் கைதான் எனக்கு வேணும். மத்த இன்டர்வியூவே தேவையில்லை."

பெலிண்டா எழுந்தாள். வாயைத் திறந்தாள்.

"அரவிந்தன்தான் சார்," என்றார் இளவரசன்.

அரவிந்தன் தன் பெயரைக் கேட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு அரவிந்தன் யாராவது இருக்கிறானா என்பதுபோல.

"சார், அதை நான்தான்..." என்றாள் பெலிண்டா.

"இவங்க பொட்டு மேல ஈரத் துணியைப் போட்டுக் கெடுத்தவங்க சார். பையன் பார்த்து ஓடி வந்து மிச்சத்தையாவது காப்பாத்தினான். வயசான பொண்ணு, குடும்பக் கஷ்டம், அதனால வெளியில சொல்லாம வச்சிருந்தேன்." சார் ஃபைலைத் திறந்தார். யாரும் படிக்கப் போவதில்லை என்ற கடிதம் மேலாகவே இருந்தது.

நிஜாமுதீன் படித்தார். நிதானமாக, இரண்டு தடவை.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமா சார். ஆனா..."

"உங்க கையெழுத்துதான்னா அப்புறம் ஆனாவுக்கு என்ன இருக்கு?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். பத்தொன்பது தலை. கலீம் தலையை மட்டும் கொஞ்சம் நிமிர்த்தினான். ஏதோ சொல்லப் போகிறான் என்று தோன்றியது. தும்மினான்.

நிஜாமுதீன் கடிதத்தை மடித்து சாரிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் நல்ல மனிதர். அதனால்தான் அவளிடம் தன்மையாகப் பேசினார். "கை நல்லா இருந்தா மட்டும் போதாதும்மா. அளவெடுக்கற ரூம்ல பொய்யும் ஒரு அழுக்குதான். செஞ்சதை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தீங்க, அது சரி. இப்ப இன்னொருத்தர் வேலையை உங்க வேலைன்னு சொல்ல வந்தீங்க பாருங்க, அது தப்பு. வேற லைன் ஏதாவது பாருங்க."

அரவிந்தன் தோளில் தட்டினார். "திங்கக்கிழமை வந்துடுங்க தம்பி. எங்க ரூம்லயும் ஒரு பெட்டி கறையோட கெடக்கு. முதல் வேலை அதான்."

திருவானைக்காவல் பஸ் ஸ்டாப்பில் பெலிண்டா நிற்கும்போது போன் அடித்தது. ரோசம்மாள்.

"என்ன ஆச்சு?"

"கெடைக்கலை அத்தை."

மறுமுனையில் குக்கர் விசில் வந்தது. ரோசம்மாள் அது முடியும் வரை காத்திருந்தாள். "சரி. உங்க அண்ணனுக்கு நானே சொல்லிடறேன். நீ சொன்னா அழுவே. டிசம்பர் வரைக்கும் எதுக்கு இழுத்துக்கிட்டு, பரீட்சை முடிஞ்சதும் போயிடு."

ஒன்றாம் நம்பர் ஒன்று நிரம்பி வழிந்துகொண்டு வந்து நிற்காமல் போனது. அதன் பின்னாலேயே அரவிந்தன் சாலையைக் குறுக்கே ஓடி வந்தான். மூச்சு வாங்கியது.

"அக்கா, ஒரு நிமிஷம். என்மேல கோவமா?"

அவள் பஸ் வரும் பக்கம் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. மாமா சொல்லிட்டாரு. பெரியவங்க பேசும்போது நடுவுல எப்படிப் பேசறது? உங்களுக்கென்ன, உங்க கைக்கு வேற எங்கயாவது கெடைச்சிடும்." கொஞ்சம் தயங்கினான். "அக்கா, அந்தக் கட்டையை எப்படித் துடைச்சீங்க? திங்கக்கிழமை அவங்க பெட்டியைத் துடைக்கணுமாம். மாமாவைக் கேட்டா, சும்மா துடைன்னு எரிஞ்சு விழறாரு. நான் அந்தக் கிளாஸ்ல எல்லாம் போன் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

பெலிண்டா அவனைப் பார்த்தாள். பத்தொன்பது வயது, நெற்றியில் புது விபூதியும் குங்குமமும். வேலை கிடைத்ததும் நேரே கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறான். அவளுடைய முகத்தில் ஜவுளிக் கடையில் பழகிய சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

"எமரி பேப்பர் இருக்குல்ல, சீரோ நம்பர்?"

"ஆமா, நம்ம பட்டறையில துரு எடுக்க வச்சிருப்பாங்களே."

"அதேதான். அதை வச்சுத் தேய்ச்சேன்."

எமரி ஒரு தடவை பட்டாலே அந்தக் கட்டை போயிற்று. அளவு குறைந்துவிடும்; குறைந்த அளவை உலகத்தில் எவனும் திருப்பி ஒட்ட முடியாது. அப்புறம் மேஜையில் காகிதம் பறக்காமல் மேலே வைக்கத்தான் அந்தக் கட்டை ஆகும். இது வகுப்பில் விழித்திருந்த யாருக்கும் தெரியும்.

அரவிந்தன் போனை எடுத்துக் குறித்துக்கொண்டான். "சீரோ நம்பர். தண்ணி தொட்டுக்கலாமா?"

"லேசா தொட்டுக்க."

"எவ்வளவு நேரம்க்கா தேய்க்கணும்?"

"பளபளன்னு வர்ற வரைக்கும். கறை நிக்குதுன்னா இன்னும் கொஞ்சம் அழுத்து. பயப்படாதே, எஃகுதானே."

"ஒண்ணொண்ணா தேய்க்கணுமா, இல்ல..."

"ஒண்ணு விடாம எல்லாத்தையும். நான் பாதியில விட்டதாலதானே இவ்வளவும்."

அவன் தலையாட்டிக்கொண்டே தட்டச்சு செய்தான். முகம் தெளிந்துவிட்டது. அடுத்த பஸ் சிக்னலில் திரும்பியது. பெலிண்டா பையைத் தோளில் மாட்டினாள்.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா. நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நெனைச்சேன்," என்றான். "மேனேஜர் வர்றதுக்கு முன்னாடியே முடிச்சு வச்சிடட்டா?"

"முடிச்சு வச்சிடு," என்றாள் பெலிண்டா, படியில் ஏறியபடி. "சீக்கிரமே போயிடு. யாரும் வர்றதுக்கு முன்னாடி."